கருங்கனத்தைக் கீழே வைத்தவர்கள்

பாமா எழுதியது போய்ச் சேராத சமையலறை தென்னிந்தியாவில் குறைவு. ஆனால் அதைப் படித்தவர் என்று ஒருவரைக்கூட அவள் சந்தித்ததில்லை. அடுகோடி வட்டாரத்தில் லேத் பட்டறைகளுக்கு நடுவே இருந்த ஓர் அச்சகத்தின் மாடியில் உட்கார்ந்து, மிக்சி, குக்கர், இஸ்திரிப்பெட்டி இவற்றின் அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் தாள்களைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுவது அவள் வேலையாக இருந்தது. ‘ஆவி முழுவதும் அடங்கும்வரை மூடியைத் திறக்கவேண்டாம்.’ ‘ஈரக் கையால் தொடுவதைத் தவிர்க்கவும்.’ எழுதுவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் மேஜைமேல் வைத்துப் பிரித்துப் பார்ப்பாள். சொன்னபடி செய்தால் சொன்னது நடக்கிறதா என்று தானே செய்து பார்ப்பாள். அதன் பிறகுதான் எழுதுவாள்.

அவள் வீட்டில் மட்டும் ஆவி அடங்குமுன் குக்கர் திறக்கப்படும்.

“எழுதினவளே படிக்கலேன்னா ஊர்ல எவன் படிப்பான்?” என்பார் அவள் கணவர் சேஷகிரி. மின்வாரியத்தில் இன்ஜினியர். இரண்டு தலைமுறையாக மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்த குடும்பம். தமிழில் பேச ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பதும், கோபம் வந்தால் மட்டும் முழுக்கத் தமிழுக்கு வருவதும் அந்த வீட்டின் வழக்கம்.

அச்சகக்காரர் தொழிலை மூடிக்கொண்டு மகனோடு போய்விட்டபோது பாமாவுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வைட்ஃபீல்டில் கைப்பேசி விளையாட்டு ஒன்றைச் செய்யும் கம்பெனிக்கு, இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் எழுத ஆள் தேவைப்பட்டது. போனாள். ஸ்ரீராம்புரம் ஸ்டேஷனில் ஏறி, மெஜஸ்டிக்கில் இறங்கி, இன்னொரு மெட்ரோவில் ஊரின் மறுகோடிவரை போகிற வேலை. அலுவலகத்தில் பாதிப்பேர் அவள் மகள் வயதுகூட இல்லாதவர்கள். ‘பாமா மேம்’ என்றார்கள். அவளுக்கு அது பிடித்தும் பிடிக்காமலும் இருந்தது.

விளையாட்டின் பெயர் நீலவரை. ஒரு மலை, அதைச் சுற்றி ஏழு கோட்டைகள், நடுவில் ஓர் ஆறு. விளையாடுகிறவர்கள் அந்த உலகத்துக்குள் நுழைந்து வாளும் கேடயமும் மருந்துப் பையும் சம்பாதித்துக்கொண்டு திரிவார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கதைக்குறிப்பு உண்டு. உலகம் திறந்துகொள்ள ஆகும் சில நொடிகளில், திரையில் அந்தக் குறிப்பு மங்கலாகத் தோன்றி மறையும். அதை எழுதுவதுதான் பாமாவின் வேலை.

அவள் அந்த விளையாட்டை ஒருமுறைகூட ஆடியதில்லை. படம் சுழன்றால் அவளுக்குத் தலை சுற்றும், மலைப்பாதையில் பஸ் திரும்பும்போது சுற்றுவது மாதிரி. அச்சகத்தில் இஸ்திரிப்பெட்டியைத் தொட்டுப் பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கமாட்டாள். இங்கே தொட்டுப் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள். இல்லாத விளக்கைப் பற்றி எழுதினால் யார் கை சுடப்போகிறது? பல வருஷம் ‘செய்யவும்’, ‘செய்யவேண்டாம்’ என்று எழுதிய பிறகு, யாரையும் எதுவும் செய்யச் சொல்லாத வாக்கியங்களை எழுதுவது அவளுக்குக் காலாற நடப்பது போல இருந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் சம்மட்டி வந்தது.

திட்டங்களைக் கவனிக்கும் ரக்ஷா, கன்னடக்காரப் பெண், ஸ்ரீராம்புரம் பக்கத்துத் தமிழ்த் தோழிகளோடு வளர்ந்தவள், வந்து சொன்னாள். “மேம், ஒரு போர்ச் சம்மட்டி பேக்கு, வேணும். கோட்டைக் கதவை ஒரே அடியில உடைக்கும். ஆனா ஒவ்வொரு கதவு உடைக்கும்போதும் வெயிட் ஏறும், நடை ஸ்லோ ஆகும். கிடைக்கறது ரொம்பக் கஷ்டம், மாசக்கணக்குல ஆடணும். பேரு நீங்களே வைங்க.”

கருங்கனம் என்று பாமா பெயர் வைத்தாள். ‘இது உடைத்த ஒவ்வொரு கதவின் பாரமும் இதில் சேரும்’ என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பார்த்தால் திரையில் இன்னும் ஒரு வரிக்கு இடம் மீந்திருந்தது.

அந்த இடத்தை நினைத்தபடியே அன்று மாலை ரயிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டிமுடியாத கட்டடங்களும் அவற்றின்மேல் நின்ற கிரேன்களும் ஜன்னலில் பின்னால் போயின. வெயில் சாய்ந்து, ஒவ்வொரு கிரேனும் எதையோ தூக்கிய கையை இறக்க மறந்து நிற்பது போலத் தெரிந்தது. அரைத் தூக்கத்தில் கதை வந்தது.

நீலவரை மலை தூங்கும். தூக்கத்தில் அதற்கு ஒரே கனவு: யாரோ தன்னைச் சுமந்து போகிறார்கள் என்று. மலைக்கு அது பெரிய சுகம். கனவு முற்றியபோது அதன் அடிவாரத்தில் கறுப்பாக ஒரு துளி கசிந்து இறுகியது. ஓர் ஓடக்காரி அதைக் கண்டெடுத்தாள். ஆற்றில் வெள்ளம் வந்து, அவள் ஊர்ச் சனங்கள் ஏழு கோட்டைகளிலும் போய்க் கதவைத் தட்டி, ஒரு கதவும் திறக்காத வருஷம் அது. உடைந்த துடுப்பை அந்தக் கறுப்புக்குக் காம்பாகப் பொருத்தினாள். முதல் கதவு ஒரே அடியில் விழுந்தது. உள்ளே படை இருக்கும் என்று நினைத்தாள். ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் எடுத்த கவளத்தோடு அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கதவின் பாரம் அப்படியே அவள் தோளில் இறங்கியது.

இரண்டாம் கதவு. மூன்றாம் கதவு. ஒவ்வொன்றுக்கும் அவள் நடை தளர்ந்தது. அவளோடு வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். சண்டை முடிந்தது, சமாதானம் வந்தது, உழவு நடந்தது, குழந்தைகள் பிறந்தன. யுத்தம் முடிந்துபோன நாட்டில் அவள் மட்டும் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். கீழே வைத்தால் கண் அதன்மேல் போகும். கண் போனதும் கை தானாகப் போய்த் திரும்ப எடுத்துவிடும். ஒரு மாலையில் ஆற்றங்கரையில் அதை வைத்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எடுத்தபோது ஒரு கதவு குறைந்திருந்தது. தொலைவில் அந்தக் கோட்டையில் கதவு பழையபடி நின்றது. கிழவர் எழுந்துபோய்ச் சாத்தினார். குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது.

இவ்வளவையும் ஒரு வரியில் அடக்கினாள். ‘கீழே வைத்துத் திரும்பி நிற்பவருக்கு ஒரு கதவு குறையும்.’ மறுநாள் காலையில் அனுப்பினாள். ரக்ஷாவுக்கு அன்று வேறு பத்து வேலை; முதல் வரியைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

பாமா தன் வாழ்க்கையில் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்த வரி. அது அவளுக்குத் தெரியும். வெளியே சொல்லவில்லை.

* * *

“மேடம், உங்க சம்மட்டி என் தலையில விழுந்துடுச்சு.”

இராஜமாணிக்கம் ஆம்பூர்க்காரன். நிரல் எழுதுகிறவன். நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவள் மேஜைக்கு எதிரில் நின்றான். முகத்தில் சிரிப்பும் இருந்தது, தூக்கக் கலக்கமும் இருந்தது.

“என்னாச்சு?”

“எவனோ ஒருத்தன் ஆத்தங்கரையில சம்மட்டிய வெச்சுட்டுத் திரும்பி நின்னுருக்கான். வெயிட்டு கொறையும்னு. அவனப் பாத்து இன்னொருத்தன். இப்ப ஊரே போய் வெச்சுட்டுத் திரும்பி நிக்குது.”

“குறையறதா?”

“எங்க கொறையும்? யாரு கொறைக்கச் சொன்னா? எனக்கு ஏத்தச் சொல்லித்தான் வந்துச்சு, ஏத்தினேன்.” குரலைத் தாழ்த்தினான். “பிரச்சினை அது இல்ல மேடம். துடைப்பம்.”

துடைப்பம் என்பது அவர்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர். தரையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்களைக் கொஞ்ச நேரத்தில் விளையாட்டு தானாகவே துடைத்து எடுத்துவிடும். இல்லாவிட்டால் உலகம் முழுக்கக் குப்பை சேர்ந்து கைப்பேசி திணறும். கீழே வைத்த சம்மட்டியும் துடைப்பத்துக்குக் குப்பைதான். திரும்பி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது புல்தரை காலியாக இருந்தது. மாசக்கணக்கில் ஆடிச் சம்பாதித்தது.

குக்கரைப் பற்றித் தப்பாக எழுதி யாருக்கோ கை வெந்துவிட்டதாகச் சேதி வந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது பாமாவுக்கு. பல வருஷம் அவள் பயந்துகொண்டிருந்த சேதி, அச்சகத்தில் வரவேயில்லை.

“ஏன் நம்பினா எல்லாரும்? கதைதானே?”

“மொதல் வரி நெசமா இருந்துச்சே மேடம். வெயிட்டு ஏறும்னீங்க, ஏறுச்சு. அப்ப ரெண்டாவது வரி மட்டும் பொய்யாவா இருக்கும்னு நெனச்சுருப்பாங்க.”

புகார்கள் குவிந்திருந்தன. பெரும்பாலானவை திட்டு. ஓசூரிலிருந்து இளவேனில் என்று ஒருத்தி அனுப்பியது மட்டும் திட்டாக இல்லை. ‘நீங்க சொன்னதாலதான் வெச்சேன். எங்க போச்சு?’ அவ்வளவுதான். பாமா அதை மூடினாள். மறுபடி திறந்தாள்.

ரக்ஷா கோபக்காரி இல்லை. அன்று அவள் கோபப்படாதது பாமாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “மேம், போனவங்களுக்கெல்லாம் சம்மட்டி திருப்பிக் குடுத்துடலாம், மாணிக்கம் பார்த்துப்பார், கொஞ்சம் நாளாகும். ஆனா அந்த ரெண்டாவது லைன் இருக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப வைப்பாங்க. செவ்வாக்கிழமை புது வெர்ஷன் போகுது. அதுல எடுத்துடறேன். சரிதானே?”

“எடுக்காம, நிஜமாவே குறையற மாதிரி பண்ணிட்டா?”

இராஜமாணிக்கம் நாற்காலியோடு திரும்பினான். “பண்ணலாம். அப்புறம் எல்லாரும் கதவு கதவா ஒடைச்சுட்டு, ஆத்தங்கரையில போய் எறக்கி வெச்சுட்டு, மறுபடி போய் ஒடைப்பாங்க. வெயிட்டுன்னு ஒண்ணு வெச்சதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும் மேடம்.”

அவன் சொன்னது நியாயம். ஓடக்காரிக்கும் அது நியாயம்தானா என்று பாமா யோசித்தாள். இறக்கிவைக்க ஓர் இடம் உண்டு என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், அவள் கிழவரின் முகத்தைப் பார்த்துக்கூட இருக்கமாட்டாள்.

“திங்கள்வரை டயம் குடு ரக்ஷா. நான் ஏதாவது யோசிக்கறேன்.”

“மேம், ஒரு லைன். ஒரே ஒரு லைன்.” ரக்ஷா அவள் தோளைத் தொட்டாள். “இஷ்டு யாக்கெ?”

இவ்வளவு ஏன் என்று கேட்டாள். பாமா சிரித்துவைத்தாள்.

* * *

வீட்டில் சேஷகிரி கதையைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

“அடி பாவி! கால் நூற்றாண்டா கத்தினே, ஆவி அடங்கட்டும், ஆவி அடங்கட்டும்னு. ஒருத்தி கேட்டாளா? இப்போ என்னமோ ரெண்டு வரி கப்ஸா விட்டே, ஊரே போய் முதுகைத் திருப்பிண்டு நிக்கறது.”

“சிரிக்காதீங்கோன்னா. பாவம் அவா.”

“சரி, சிரிக்கலை.” மறுபடி சிரித்தார். “நீ போய்ப் பாத்தியோ?”

“எதை?”

“அந்த ஆத்தங்கரையை. ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சா நான் ஆபீஸ்ல உக்காந்துண்டு யோசிப்பேனா? ஸ்பாட்டுக்குப் போவேன்.”

“எனக்குத் தலை சுத்தும்.”

“திருப்பதிக்குப் போறப்போ என்ன பண்ணுவே?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு ஆன பிறகு, வாயில் ஒரு துண்டு இஞ்சி முரப்பாவை அடக்கிக்கொண்டு பாமா நீலவரைக்குள் போனாள். தெருவில் பழைய பேப்பர்க்காரர் குரல் கொடுத்துக்கொண்டே போனார். மின்விசிறி சத்தம் போட்டது. திரை இருண்டு, அவள் எழுதிய ஏதோ ஒரு விளக்கின் கதை தோன்றி, அவள் படித்து முடிப்பதற்குள் மறைந்தது. பிறகு மலை.

அதை அவள் படங்களில் பார்த்திருந்தாள். உள்ளே நின்று பார்த்ததில்லை. நீல நிறம் கீழிருந்து மேலே போகப்போக மெலிந்து, உச்சி எங்கே முடிகிறது வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் இருந்தது. கையில் ஒரு மரக்குச்சி கொடுத்திருந்தார்கள். கட்டைவிரலால் நகர்த்தினால் உருவம் நடந்தது, நிறுத்தத் தெரியவில்லை. மரத்தில் முட்டிக்கொண்டது. முட்டிக்கொண்டே காலை எடுத்து எடுத்து வைத்தது. உலகம் ஒருமுறை முழுசாகச் சுழன்றது. முரப்பாவைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடித் திறந்தாள். எப்படியோ சரிவில் இறங்கினாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

ஆற்றங்கரை முழுவதும் ஆட்கள். கவசம் போட்டவர்கள், கொம்பு வைத்தவர்கள், சிறகு முளைத்தவர்கள். யாரும் சண்டை போடவில்லை. பாதிப்பேர் ஆற்றைப் பார்த்து அசையாமல் நின்றார்கள். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் புல்லில் கறுப்பாக ஒரு சம்மட்டி கிடந்தது. மீதிப் பாதிப்பேர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி, அந்தச் சம்மட்டிகளைப் பார்த்து நின்றார்கள். கோவிலில் நடை திறக்கக் காத்திருக்கிற கூட்டத்தின் அமைதி அங்கே இருந்தது. மலையின் நிழல் தண்ணீரில் நீண்டு எல்லார் காலடிவரைக்கும் வந்து நின்றது.

“அக்கா, தள்ளிப் போங்க! அது மேல ஏறாதீங்க!”

ஹெட்ஃபோன் வழியாகக் குரல் காதுக்குள்ளேயே கேட்டதும் பாமா துள்ளிவிட்டாள். பக்கத்தில் பச்சைத் தலைப்பாகை கட்டிய ஒரு போர்வீராங்கனை நின்றிருந்தாள், பேசுவது அவள்தான். தலைக்கு மேலே பெயர் மிதந்தது: இளவேனில் ஓசூர்.

“சாரிம்மா. எனக்கு நடக்கவே தெரியலை.”

“அது தெரியுது. வந்ததுலேருந்து அந்த மரத்த முட்டிக்கிட்டுக் கெடந்தீங்க. நானும் தோழிங்களும் ஒரே சிரிப்பு.”

பாமாவுக்கு வெட்கமாக இருந்தது. “இங்கே என்ன பண்றேள் எல்லாரும்?”

“காவல் நிக்கறோம். கதையில திரும்பி நிக்கணும்னு இருக்குல்ல? திரும்பி நின்னா துடைச்சுக்கிட்டுப் போயிடுது. ஆனா வேற யாராச்சும் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டு இருந்தா மட்டும் போறதில்ல. அத நாங்களேதான் கண்டுபுடிச்சோம். அதான், வெக்கிறவங்க வெச்சுட்டுத் திரும்பிக்குவாங்க, நாங்க பாத்துக்குவோம். அப்புறம் மாத்திக்குவோம்.”

“உன் சம்மட்டி எங்கே?”

“என்னுது போயிடுச்சு அக்கா. மொத மொத வெச்சவங்கள்ல நானும் ஒருத்தி. கம்பெனி ஹாஸ்டல்ல ஷிப்டு முடிச்சு வந்து வந்து ஆடிச் சேத்தது.”

“போனப்புறம் நீ ஏன் இங்கே நிக்கறே?”

அந்தக் கேள்வி இளவேனிலுக்குப் புரியவில்லை போலிருந்தது. “பின்ன? இவங்களுதும் போவணுமா?”

தெருவில் பேப்பர்க்காரர் எங்கோ தூரத்தில் கூவினார். பாமா திரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாமல், சொன்னாள்.

“அதை எழுதினது நான்தாம்மா.”

“எத?”

“கருங்கனத்தோட கதையை.”

வெடித்துச் சிரிப்பு கேட்டது. “சும்மா வுடாதீங்க! எழுதனவங்களுக்கு நடக்கத் தெரியாதா?”

“தெரியாதுதான். இன்னிக்குத்தான் முதல்முதலா வரேன்.”

சிரிப்பு நின்றது. அது நின்ற விதத்தில் அவள் நம்பிவிட்டாள் என்று பாமாவுக்குத் தெரிந்தது. அடுத்து வந்த குரல் தணிந்திருந்தது.

“அப்ப நீங்களே சொல்லுங்க. கதவு கொறையுமா?”

அச்சகத்து மாடியில் மேஜைமேல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்த பெண்ணிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. சுற்றி வளைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“குறையாது. அப்படி எதுவும் செஞ்சு வெக்கலை. திரையில இடம் மிச்சம் இருந்தது. எழுதிட்டேன்.”

ஆற்றைப் பார்த்து நின்றவர்களில் ஒருவர் திரும்பி வந்து தன் சம்மட்டியை எடுத்துக்கொண்டார். காவல் நின்றவரிடம் தலையசைத்துவிட்டு, எடை கொஞ்சமும் குறையாத நடையில் மெல்ல மேட்டில் ஏறிப் போனார். அடுத்தவர் வந்து வைத்தார்.

“எனக்குக் கொறஞ்சுதே!” என்றாள் இளவேனில் திடீரென்று. “கையில ஒண்ணுமே இல்ல பாருங்க. ஓடறேன் பாருங்க!” அவள் பாமாவைச் சுற்றி ஒரு வட்டம் ஓடினாள். வெறுங்கைக்காரியின் ஓட்டம், பச்சைத் தலைப்பாகை பறந்தது. பாமாவுக்குத் தலை சுற்றியது. இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடிந்ததும் இளவேனில் மெதுவாகச் சொன்னாள்: “இங்க யாருகிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா. பாவம், நிக்கறாங்க.”

பாமாவை அந்த வார்த்தை உறுத்தியது. நிற்பவர்கள் எதற்காக நிற்கிறார்கள்? குறையும் என்று நம்பி வந்தவர்கள் உண்டு. ஆனால் காலையிலிருந்து ஒருவருக்கும் குறையவில்லை என்பது அத்தனை பேருக்கும் தெரிந்துதான் இருக்கவேண்டும். தெரிந்தும் வரிசை கலையவில்லை. அவள் எழுதாத ஒன்று, அவள் வரியில் இருந்த ஓட்டையின் வழியாக உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தது. ஓடக்காரி தனியாகத்தான் ஆற்றங்கரைக்கு வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் யாரையாவது நிறுத்தவேண்டும் என்று பாமாவுக்குத் தோன்றவேயில்லை.

“அக்கா, எனக்கு டீக்குக் கூப்புடறாங்க. அந்த ரெண்டு சம்மட்டியும் நான் பாக்கறது. கொஞ்ச நேரம் நீங்க பாருங்க. கண்ண எடுத்துடாதீங்க.”

பச்சைத் தலைப்பாகை அப்படியே மறைந்துபோனது. பாமா மரக்குச்சியைப் பிடித்தபடி, முன்பின் தெரியாத இரண்டு பேரின் பாரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சேஷகிரி காபியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“ஸ்பாட்ல என்ன நிலவரம்?”

“பேசாதீங்கோ. பாத்துண்டிருக்கேன்.”

* * *

திங்கட்கிழமை பாமா முதலில் இராஜமாணிக்கத்திடம் போனாள்.

“யாராவது பாத்துண்டிருந்தா துடைப்பம் எடுக்காதாமே?”

“ஆமா. கண்ணு முன்னாடி பொருள் திடீர்னு மறைஞ்சா அசிங்கமா இருக்கும்னு ஆரம்பத்துலேயே அப்படி எழுதி வெச்சது. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஆத்தங்கரைக்குப் போனேன்.”

“நீங்களா? தல சுத்தலையா?”

“சுத்தித்து.”

ரக்ஷா வந்ததும் பாமா ஒரு தாளை நீட்டினாள். வாதம் செய்யத் தயாராக வந்திருந்த ரக்ஷா, தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். கதவு குறையும் என்ற வரியைப் பாமாவே அடித்திருந்தாள். ஒரே கோடு, நேராக.

“எடுத்துடலாம். அது வாக்குக் கொடுக்கறது. கொடுக்க நம்மகிட்ட ஒண்ணும் இல்லை,” என்றாள்.

அதற்குக் கீழே புது வரி இருந்தது. ரக்ஷா தமிழை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். “கீழே வைத்துத் திரும்பி நிற்க விரும்புகிறவர், பார்த்துக்கொள்ள ஒருவரை நிறுத்திக்கொள்ளவும்.” இன்னொருமுறை படித்தாள். “இது கதை மாதிரியே இல்லையே மேம். மிக்சி பாக்ஸ்ல வர்ற பேப்பர் மாதிரி இருக்கு.”

“அதேதான்.”

“சொன்னபடி பண்ணா என்ன ஆகும்?”

“சம்மட்டி போகாது. நான் செஞ்சு பாத்தேன்.”

ரக்ஷா இராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். “எனக்கு ஒரு வேலையும் இல்ல. உள்ள இருக்கறதத்தான் சொல்றாங்க.”

“பழசுதான் மேம் நல்லா இருந்துது,” என்றாள் ரக்ஷா, போகும்போது.

பாமாவும் அப்படித்தான் நினைத்தாள். அடித்த வரியைவிட நல்ல வரி இனி வராது என்றும் அவளுக்குத் தெரிந்தது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு இட்லி சாப்பிடப் போனாள்.

புது வெர்ஷன் வந்த பிறகு ஆற்றங்கரையில் கூட்டம் குறைந்துவிட்டதாக இராஜமாணிக்கம் சொன்னான். குறைய வேண்டியதுதான், எடை குறையும் என்று யாரும் இப்போது சொல்லவில்லை. ஆனால் காலியாகிவிடவில்லை. வருகிறவர்கள் வந்தார்கள். வைத்தார்கள். திரும்பி நின்றார்கள். எதற்கு என்று அவன் கேட்டான், பாமாவுக்கும் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மெஜஸ்டிக்கில் மாறி, பச்சை வழித்தட ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தபோது கைப்பேசியில் இளவேனில் வந்தாள். இருவரும் எண் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, என் சம்மட்டி திரும்ப வந்துடுச்சு! எத்தன கனம்! ஓடவே முடியல.”

“சந்தோஷம்மா.”

“எங்க இருக்கீங்க? உள்ள வாங்களேன் கொஞ்சம். வெக்கணும். இங்க இப்ப யாரும் இல்ல.”

“குறையாதுன்னு தெரியுமே உனக்கு.”

“தெரியும். வாங்க.”

பாமா முரப்பாவைத் தேடினாள், இல்லை. இல்லாமலே போனாள். திரை இருண்டது. தான் எழுதிய புது வரி தோன்றியது, இந்தமுறை முழுசாகப் படிக்க முடிந்தது. பிறகு மலை, சரிவு, ஆறு. மரத்தில் முட்டிக்கொள்ளாமல் இறங்கினாள். பச்சைத் தலைப்பாகைக்காரி அடிமேல் அடி வைத்து வந்து, கருங்கனத்தைப் புல்லில் இறக்கினாள். திரும்பித் தண்ணீரைப் பார்த்து நின்றாள். அந்தப் பெண் எந்தெந்தக் கதவுகளை உடைத்தாள் என்று பாமா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. நீல நிழல் நீண்டு வந்தது.

மேலே ஒலிபெருக்கியில் ஸ்ரீராம்புரம் என்றார்கள். கதவு திறந்தது. ஜனங்கள் இறங்கினார்கள். கீழே தெருவில் சேஷகிரி ஸ்கூட்டரோடு நின்றுகொண்டிருப்பார். பாமா எழுந்திருக்கவில்லை. கண்ணை எடுத்தால் போய்விடும். கதவு சாத்திக்கொண்டது. குவெம்பு சாலை போயிற்று, ராஜாஜிநகர் போயிற்று, ஜன்னலில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன. பக்கத்து சீட்டில் இருந்த பெண்மணி பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவழிந்தாள்.

திரைமேல் சேஷகிரியின் பெயர் மின்னியது. கட்டைவிரலால் அதை ஓரமாகத் தள்ளினாள், சம்மட்டியை மறைக்காதபடி.

“இருக்கீங்களா அக்கா?” என்றாள் இளவேனில், திரும்பாமலே.

“இருக்கேன்,” என்றாள் பாமா. “நீ அந்தப் பக்கம் பாரு.”